இதயத்தின் வரலாறு – 14: பத்து அமினோ அமிலங்களின் பயணம்

1986 பிப்ரவரியில் இத்தாலியிலிருந்து வந்த நல்ல செய்தியோடு சென்ற அத்தியாயம் முடிந்தது. 11,806 மாரடைப்பு நோயாளிகளைச் சேர்த்து நடந்த ஜிஸ்ஸி ஆய்வு, ஸ்ட்ரெப்டோகைனேஸ் ரத்தக்கட்டியைக் கரைத்து உயிரைக் காக்கிறது என்று நிரூபித்துவிட்டது. வலியைத் தணிப்பது, தாளம் தப்பும் துடிப்பைச் சரிசெய்வது என்று அதுவரை பின்விளைவுகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த மருத்துவர்களுக்கு அடைப்பையே திறக்கும் வழி கிடைத்தது.

அதே ஆண்டு நவம்பரில் ‘சர்க்குலேஷன்’ என்ற அமெரிக்க மருத்துவ இதழில் இன்னொரு கட்டுரை வெளியானது. ஜிஸ்ஸிக்குக் கிடைத்த கைத்தட்டல் இதற்குக் கிடைக்கவில்லை. எழுதியவர்கள் மூவர். வட கரோலைனாவின் டியூக் பல்கலைக்கழகத்தில் நோய்க்குறியியல் பேராசிரியர்களான ராபர்ட் ஜென்னிங்ஸ், கீத் ரைமர். அவர்களிடம் ஆய்வு மாணவராக இருந்த சார்லஸ் மரி. ஆய்வுக்கு உட்பட்டவை நாய்கள். அடைப்பை எப்படித் திறப்பது என்ற கேள்வியே அதில் இல்லை. அடைபட்டுக் கிடக்கும் நேரத்தில் தசை எவ்வளவு தாக்குப்பிடிக்கும், ஏன் தாக்குப்பிடிக்கிறது என்பதுதான் கேள்வி. செல்லுக்குள் ஓடும் சமிக்ஞைகளைப் பிடித்து மாரடைப்பின் சேதத்தைக் குறைக்கலாம் என்று பின்னாளில் கிளம்பிய அத்தனை முயற்சிகளுக்கும் மூலம் அந்தக் கட்டுரைதான்.

ஜென்னிங்ஸ் இந்தத் துறைக்குப் புதியவர் அல்ல. சிகாகோவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் இருந்தபோதே, 1960-ல், நாயின் கரோனரித் தமனியைக் கொஞ்ச நேரம் கட்டி, பிறகு அவிழ்த்துவிட்டு, எந்தத் தசை பிழைக்கிறது, எது மடிகிறது என்று நுண்ணோக்கியில் பார்த்தவர். டியூக்குக்கு வந்தபின் 1977-ல் ரைமரோடு சேர்ந்து அதையே கணக்காகப் போட்டார். தமனி 40 நிமிடம் அடைபட்டால் ஆபத்துக்குள்ளான தசையில் 38 சதவீதம் சாகிறது. மூன்று மணி நேரத்தில் 57, ஆறு மணி நேரத்தில் 71, ஒரு நாள் முழுக்க அடைபட்டால் 85. சாவு உள்சுவரில் தொடங்கி வெளிச்சுவரை நோக்கி மெல்ல நகர்கிறது. மாரடைப்பு ஒரு நொடியில் முடிந்துபோகும் விஷயம் இல்லை, பல மணி நேரம் நடந்துகொண்டே இருப்பது என்று அந்த நான்கு எண்களும் காட்டின.

நடந்துகொண்டிருக்கும் ஒன்றில் குறுக்கிட முடியும். இந்த நம்பிக்கையை முதலில் உரக்கச் சொன்னவர் யூஜீன் ப்ரான்வால்ட். வியன்னாவில் பிறந்து, நாஜிகளிடமிருந்து குடும்பத்தோடு தப்பி அமெரிக்கா வந்தவர். 1971-ல் பீட்டர் மரோகோவும் அவரும் மற்ற சகாக்களும் வெளியிட்ட ஆய்வில், தமனியை அடைத்தபின் இதயத்தின் ஆக்சிஜன் தேவையைக் கூட்டினால் சேதம் பெருகியது, குறைத்தால் சுருங்கியது. சேதத்தின் அளவு விதிக்கப்பட்டதல்ல என்பது அன்று புதிய கருத்து. அதைப் பிடித்துக்கொண்டு எழுபதுகள் முழுக்க ஏதேதோ முயன்றார்கள். குளுக்கோஸோடு இன்சுலினும் பொட்டாசியமும் கலந்து ஏற்றினார்கள், பீட்டா தடுப்பான் கொடுத்தார்கள், ஹயலுரோனிடேஸ் என்ற என்சைமைக்கூட விட்டுவைக்கவில்லை. நாய்க்கு நன்றாக வேலை செய்தவற்றில் பல, மனிதனிடம் வந்ததும் மழுங்கிப்போயின. இந்தக் கதையில் இது கடைசி முறை அல்ல.

சரி, மரியின் பரிசோதனைக்கு வருவோம்.

அடைபட்ட தசையில் ஏ.டி.பி. என்ற ஆற்றல் மூலக்கூறு வேகமாகத் தீர்ந்துபோகும். பத்து நிமிட அடைப்பை நான்கு முறை திரும்பத் திரும்பக் கொடுத்தால் ஏ.டி.பி. படிப்படியாக வற்றித் தசை இறந்துவிடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். டியூக் ஆய்வுக்கூடத்தில் அப்படி நடக்கவில்லை. முதல் அடைப்பில் குறைந்த ஏ.டி.பி. அடுத்தடுத்த அடைப்புகளில் மேலும் குறையாமல் அப்படியே நின்றது, தசையும் சாகவில்லை. முதல் அடி பட்டதும் செல் தன் செலவைக் குறைத்துக்கொண்டதுபோல் தோன்றியது. அப்படியானால், நான்கு சிறிய அடைப்புகளுக்குப் பிறகு ஒரு பெரிய அடைப்பைக் கொடுத்தால் என்ன ஆகும்?

ஐந்து நிமிடம் அடைப்பு, ஐந்து நிமிடம் ஓட்டம். இப்படி நான்கு சுற்று. பிறகு 40 நிமிடம் முழு அடைப்பு. கூட்டிப் பார்த்தால் இந்த நாய்களின் இதயம் அறுபது நிமிடம் ரத்தமில்லாமல் கிடந்திருக்கிறது. ஒப்பீட்டுக்கு வைத்த நாய்களுக்கோ 40 நிமிடம் மட்டும். அறுபது நிமிடம் அடைபட்ட இதயங்களில் செத்த தசை, 40 நிமிடம் அடைபட்டவற்றில் செத்ததில் கால்வாசிதான் இருந்தது. அதாவது, முக்கால் பங்கு சேதம் குறைந்திருந்தது. அதுவரை எந்த மருந்தும் இந்த அளவுக்குப் பக்கத்தில்கூட வந்ததில்லை.

அதே கட்டுரையில் இரண்டாவது பரிசோதனை ஒன்றும் இருக்கிறது. வியப்பில் மூழ்கியவர்கள் அதை மறந்துவிடுவார்கள். பெரிய அடைப்பை 40 நிமிடத்துக்குப் பதில் மூன்று மணி நேரம் நீட்டித்தபோது பாதுகாப்பு காணாமல் போனது. இரு தரப்பு நாய்களிலும் சேதம் ஒன்றே. ஆக, செல் கற்றுக்கொண்ட தந்திரம் சாவைத் தள்ளிப்போடுகிறதே தவிர, தடுத்துவிடுவதில்லை. கட்டுரைத் தலைப்பிலேயே ‘தாமதம்’ என்ற சொல்லை நேர்மையாக வைத்திருந்தார்கள். இந்தியாவில் 2008-ல் வெளியான கிரியேட் பதிவேட்டில், நெஞ்சுவலி தொடங்கி மருத்துவமனை வந்து சேர நோயாளிகள் எடுத்துக்கொண்ட இடைநிலை நேரம் 360 நிமிடம். டியூக்கின் மூன்று மணிக் கணக்கை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இந்தத் தந்திரம் எவ்வளவு குறுகிய இடைவெளிக்குள் வேலை செய்தாக வேண்டும் என்பது விளங்கும்.

இந்த நிகழ்வுக்கு முன்தகவமைப்பு என்று பெயர் சூட்டினார்கள். நாய்க்குப் பிறகு முயல், எலி, பன்றி என்று பார்த்த இடமெல்லாம் அது இருந்தது. ஆரம்ப ஐயங்கள் சில ஆண்டுகளில் அடங்கின. மனிதரிடமும் அதன் நிழல் தெரிந்தது. மாரடைப்புக்கு முந்தைய ஓரிரு நாளில் நெஞ்சுவலி வந்து போனவர்களுக்கு, திடீரென்று அடைபட்டவர்களைவிடச் சேதம் குறைவாக இருப்பதை 1995-ல் ராபர்ட் க்ளோனர் குழு காட்டியது. 1993-ல் லண்டனிலும் ஒசாகாவிலும் தனித்தனியே இன்னொன்றும் தெரியவந்தது: பாதுகாப்பு ஓரிரு மணி நேரத்தில் கலைந்துபோகிறது, ஆனால் ஒரு நாள் கழித்து மீண்டும் தலைகாட்டுகிறது. இரண்டாவது வருகைக்குச் செல் புதிதாகப் புரதங்கள் செய்ய வேண்டியிருக்கிறது. முதலாவதற்கு அந்த அவகாசமே இல்லை. ஐந்து நிமிடத்தில் எந்தப் புரதத்தையும் புதிதாகச் செய்து கட்டி முடிக்க முடியாது. ஏற்கெனவே செல்லுக்குள் இருப்பவை ஒன்றை ஒன்று தட்டி எழுப்புகின்றன என்பதே பொருத்தமான விளக்கம். யார் யாரை எழுப்புகிறார்கள்?

தேடல் சூடுபிடித்த இடம், அலபாமா மாநிலத்துத் துறைமுக நகரமான மொபைல். அங்கே ஜேம்ஸ் டௌனியின் குழு முயல்களில் வேலை செய்தது. ஏ.டி.பி. உடையும்போது கசியும் அடினோசின் என்ற மூலக்கூறு செல்லின் வெளிச்சவ்வில் உள்ள ஒரு ஏற்பியில் போய் அமர்கிறது. அந்த ஏற்பியை அடைத்துவிட்டால் முன்தகவமைப்பே நடப்பதில்லை என்று 1991-ல் காட்டினார்கள். செல்லின் ஆற்றல் கரைவதே செல்லுக்கு எச்சரிக்கையாகவும் ஆகிறது. 1994-ல் அடுத்த படி: சவ்வுக்கு உள்ளே அந்தச் செய்தியை வாங்கிக் கடத்துவது புரோட்டீன் கைனேஸ் சி என்ற என்சைம்.

கைனேஸ் என்பது மற்றப் புரதங்களின் மேல் பாஸ்பேட் ஒன்றை ஒட்டிவிடும் என்சைம். ஒட்டியதும் அந்தப் புரதத்தின் நடத்தை மாறும். தூங்கியது விழிக்கும், ஓடியது நிற்கும். செல்லுக்குள் சமிக்ஞை என்பது பெரும்பாலும் இந்த ஒட்டலும் உரித்தலும்தான். புரோட்டீன் கைனேஸ் சியைக் கண்டுபிடித்தவர் ஜப்பானின் கோபே பல்கலைக்கழகத்து யாசுடோமி நிஷிசுகா. ஆண்டு 1977, டியூக்கில் அந்த நான்கு எண்களை எழுதிய அதே ஆண்டு. நிஷிசுகாவுக்கு இதயத்தில் அக்கறை ஏதும் இருந்ததாகத் தெரியவில்லை. அவர் கண்டது மூளைத் திசுவில். ஐந்து ஆண்டுகள் கழித்து, புற்றுநோயைத் தூண்டும் ஃபோர்பால் எஸ்டர் என்ற பொருள் நேராக இந்த என்சைமைத்தான் பிடிக்கிறது என்று தெரிந்ததும் உலகமே அதன் பக்கம் திரும்பியது.

அதற்குள் ஒரு சிக்கல். புரோட்டீன் கைனேஸ் சி ஒற்றை ஆள் இல்லை. ஆல்ஃபா, பீட்டா, டெல்ட்டா, எப்சிலான் என்று பத்துக்கு மேற்படாவிட்டாலும் பத்தை நெருங்கும் உருவங்கள், முகம் பார்த்தால் அடையாளம் தெரியாத அண்ணன் தம்பிகள் மாதிரி. வேலை செய்யும் பகுதி எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றே என்பதால், அங்கே போய் ஒட்டும் எந்த மருந்தும் எல்லோரையும் சேர்த்தே முடக்கியது. இதயத்தைக் காப்பது யார், கெடுப்பது யார் என்று பிரித்துச் சொல்ல வழியில்லாமல் ஆய்வுக்கூடங்கள் ஒன்றுக்கொன்று முரணான முடிவுகளை வெளியிட்டுக்கொண்டிருந்தன.

வழி கண்டவர் டாரியா மோக்லி-ரோசன். இஸ்ரேலில் வளர்ந்து, வைஸ்மன் நிறுவனத்தில் முனைவர் பட்டம் பெற்று, கலிபோர்னியா வந்தவர். அவர் கேட்ட கேள்வி மற்றவர்களுடையதிலிருந்து வேறு. என்சைம் என்ன செய்கிறது என்பதை விட்டுவிட்டு, அது எங்கே போய் நிற்கிறது என்று பார்த்தார். விழித்தெழுந்த கைனேஸ் ஒவ்வொன்றும் செல்லுக்குள் தனக்கென்று ஒரு நங்கூரப் புரதத்தைத் தேடிப் போகிறது என்று 1991-ல் அறிவித்தார். சேரும் இடத்தைத் தடுத்துவிட்டால் போதும். வேலை செய்யும் பகுதியைத் தொடவே வேண்டாம். கைனேஸில் அந்த நங்கூரத்தைத் தொடும் பகுதியிலிருந்து ஒரு சிறு துண்டை மட்டும் நகலெடுத்துப் பெப்டைடாகச் செய்து செல்லுக்குள் அனுப்பினால், அது முன்னாலேயே போய் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அந்தத் துண்டு அந்த ஒரு உருவத்துக்கே உரியது என்பதால் மற்றவர்களுக்குத் தொந்தரவு இல்லை.

எழுத எளிது, அன்று பலர் நம்பவில்லை. பத்து அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு துணுக்கு, நூற்றுக்கணக்கான அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு புரதத்தை எப்படித் தடுக்கும்? மோக்லி-ரோசன் 1993-ல் ஸ்டான்ஃபோர்டுக்கு மாறிய பிறகும் இந்தக் கேள்வி அவரைத் துரத்தியது. பதிலை இதயச் செல்களே கொடுத்தன. 1997-ல் ஜோயல் கார்லைனர் என்ற இதய மருத்துவரோடு சேர்ந்து, எப்சிலானைத் தடுத்தால் செல்களின் தற்காப்பு போய்விடுகிறது என்று காட்டினார். காப்பாற்றுபவர் எப்சிலான். 2001-ல் ஜெரால்ட் டோர்ன் குழுவோடு சேர்ந்து செய்த ஆய்வு மறுபாதியைச் சொன்னது: டெல்ட்டா அதற்கு நேர் எதிர். இரண்டும் ஒரே தூண்டலில் விழிக்கின்றன. ஒன்று காக்கிறது, இன்னொன்று அழிக்கிறது. ஒரே செல்லுக்குள் இப்படி ஒரு ஏற்பாடு எதற்கு என்பதற்கு இன்றுவரை எல்லோரும் ஒப்புக்கொண்ட விளக்கம் இல்லை.

டெல்ட்டாவின் செயல் ஓரளவு விளங்குகிறது. அடைப்பு திறந்து ரத்தம் பாயும் நிமிடங்களில் அது மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நுழைகிறது. சர்க்கரையிலிருந்து ஆற்றல் எடுக்கும் பாதையின் வாசலில் நிற்கும் ஒரு என்சைமை மூடிவிடுகிறது. ஆக்சிஜன் வந்தபிறகும் ஏ.டி.பி. உற்பத்தி எழுந்திருக்காமல் படுத்துவிடுகிறது. இங்கேதான் மாரடைப்பின் மிகக் கொடூரமான முரண் இருக்கிறது. பட்டினி கிடந்த தசைக்கு உயிர் கொடுக்க வரும் ரத்தமே கொஞ்சம் தசையைக் கொன்றுவிட்டுத்தான் மறுவேலை பார்க்கிறது. ப்ரான்வால்டும் க்ளோனரும் 1985-லேயே இதை இருபுறமும் கூரான வாள் என்று எழுதியிருந்தார்கள்.

மருத்துவரின் கண்ணில் இதற்குத் தனி மதிப்பு உண்டு. முன்தகவமைப்பு எவ்வளவு அழகாக இருந்தாலும், மாரடைப்பு எப்போது வரும் என்று முன்கூட்டி யாருக்குத் தெரியும்? எப்சிலானைத் தூண்டும் மருந்தை அடைப்புக்கு முன்பே கொடுத்தாக வேண்டும். டெல்ட்டாவைத் தடுப்பதற்கோ அடைப்பு திறக்கும் நேரம் போதும். அந்த நேரம் மருத்துவரின் கையில் இருக்கிறது. ஆஞ்சியோபிளாஸ்டி மேசையில் படுத்திருக்கும் நோயாளிக்கு, பலூனை ஊதுவதற்கு ஒரு நிமிடம் முன்னால் ஊசி. 2003-ல் பன்றிகளில் அப்படியே செய்து பார்த்தார்கள். பலூன் வைத்து 30 நிமிடம் தமனியை அடைத்து, திறப்பதற்குச் சற்று முன் பெப்டைடை நேராகக் கரோனரித் தமனிக்குள் செலுத்தினார்கள். சேதம் குறைந்தது, இதயத்தின் சுருங்கும் திறன் தேறியது. பெப்டைடு தானாகச் செல்லுக்குள் நுழையாது. அதைச் சுமந்து போக ஒட்டப்பட்ட வால், எச்.ஐ.வி. கிருமியின் டாட் புரதத்திலிருந்து எடுத்த சிறு துண்டு.

மருந்து நிறுவனங்கள் இதற்குக் கதவு திறக்கவில்லை. பெப்டைடு ரத்தத்தில் சில நிமிடங்களில் சிதைந்துவிடும், மாத்திரையாக விழுங்க முடியாது, மாரடைப்பு ஆய்வுகளுக்குச் செலவு அதிகம். மோக்லி-ரோசன் தம் மாணவர் ஒருவரோடு சேர்ந்து தாமே தென் சான்பிரான்சிஸ்கோவில் கே.ஏ.ஐ. பார்மசூட்டிகல்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். மருந்துக்கு கே.ஏ.ஐ.-9803 என்று எண். பிறகு டெல்காசெர்டிப் என்று பெயர். பேராசிரியருக்கு மருந்து உருவாக்கத்தின் ஒழுங்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்தப் பட்டறிவால்தான் 2006-ல் ஸ்டான்ஃபோர்டில் ஸ்பார்க் என்ற திட்டத்தை அமைத்தார். ஆய்வுக்கூடக் கண்டுபிடிப்புகளை மருந்தாக்க நினைக்கும் பேராசிரியர்களுக்குத் தொழில்துறையினரை ஆசிரியர்களாக அமர்த்தும் திட்டம் அது.

மனிதரில் முதல் சோதனை டெல்ட்டா-எம்.ஐ.; 2008-ல் முடிவு வெளிவந்தது. 154 நோயாளிகள், கரோனரித் தமனிக்குள்ளேயே ஊசி. மருந்து பாதுகாப்பானது. சேதம் குறைவதுபோல் சில அளவீடுகள் காட்டின, ஆனால் புள்ளியியல் அதை உறுதிசெய்யவில்லை. 154 பேரை வைத்துக்கொண்டு அதை உறுதிசெய்யவும் முடியாது.

எனவே பெரிய ஆய்வு. புரொடெக்ஷன்-ஏ.எம்.ஐ. என்று பெயர் வைத்தார்கள். க்ளீவ்லண்ட் கிளினிக்கின் மைக்கேல் லிங்காஃப் முன்னின்று நடத்தினார். இதயத்தின் முன்சுவரில் மாரடைப்பு வந்த 1,010 பேர் முதன்மை ஆய்வில் இருந்தார்கள். மூன்று அளவுகளில் மருந்து, நான்காவது பிரிவுக்கு வெறும் திரவம். இந்த முறை தமனிக்குள் அல்ல. கையில் ரத்தநாளம் வழியாக ஆஞ்சியோபிளாஸ்டிக்கு முன்பே சொட்டு தொடங்கி இரண்டரை மணி நேரம் ஓடியது. இறக்கும் தசையிலிருந்து ரத்தத்தில் கசியும் சி.கே.-எம்.பி. என்சைமின் மொத்த அளவுதான் தீர்ப்பு. 2014-ல் ஐரோப்பிய இதய இதழில் அந்தத் தீர்ப்பு வந்தது: நான்கு பிரிவுகளிலும் வித்தியாசம் இல்லை.

அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 2012-ல், கே.ஏ.ஐ. நிறுவனத்தை ஆம்ஜென் 315 மில்லியன் டாலருக்கு வாங்கியிருந்தது. இதய மருந்துக்காக அல்ல. டயாலிசிஸ் செய்துகொள்ளும் சிறுநீரக நோயாளிகளின் பாராதைராய்டு ஹார்மோனைக் கட்டுப்படுத்தும் இன்னொரு பெப்டைடு அவர்களிடம் இருந்தது. எடெல்கால்செடைடு என்ற அந்த மருந்து 2017-ல் அமெரிக்க அங்கீகாரம் பெற்றது. இதயத்தைக் காக்கத் தொடங்கிய நிறுவனம் கடைசியில் சிறுநீரக நோயாளிக்கு உதவியது. நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்துக்கு அது தோல்வி இல்லை.

டெல்ட்டா தனியாக விழவில்லை. எரித்ரோபொயட்டின் என்ற ஹார்மோனின் கதையைக் கேளுங்கள். சிவப்பணுக்களை உற்பத்தி செய்யத் தூண்டும் இந்தப் புரதத்தைச் சிகாகோவின் யூஜீன் கோல்ட்வாசர் 1977-ல் தூய்மைப்படுத்தினார். மீண்டும் அதே 1977. மூலப்பொருள் சிறுநீர். ஜப்பானில் கடும் ரத்தசோகை நோயாளிகளிடமிருந்து 2,550 லிட்டர் சிறுநீரைச் சேகரித்துச் சுண்டவைத்து, பட்டுத் துணியில் சுற்றிய பொட்டலமாக மியாகே என்ற ஆய்வாளர் சிகாகோ வரை கொண்டுவந்து கொடுத்தார். கால் நூற்றாண்டு கழித்து, 2003-ல், அதே ஹார்மோன் எலி, முயல் இதயங்களில் தசைச் சாவைக் குறைக்கிறது என்று இரண்டு குழுக்கள் காட்டின. டெல்காசெர்டிப் போலன்றி, இது ஏற்கெனவே மருந்துக்கடையில் இருக்கும் பொருள். காத்திருக்க என்ன இருக்கிறது? ஹீபி-3 ஆய்வில் 529 பேருக்குச் சோதித்தார்கள்; பயன் இல்லை. 2011-ல் வெளியான ரிவீல் ஆய்வில் 222 பேர்; பயன் இல்லாதது மட்டுமல்ல, எழுபது வயது தாண்டியவர்களுக்குச் சேதம் கூடியிருந்தது. ரத்தத்தைத் தடிப்பாக்கும் ஒரு ஹார்மோனை ரத்தக்கட்டி நோயாளிக்கு ஒரே வீச்சில் 60,000 யூனிட் ஏற்றும்போது யாராவது ஒருவர் தயங்கியிருக்கலாம்.

லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியின் டெரெக் யெல்லன் இதற்குள் சமிக்ஞைப் பாதைகளை ஒன்றாகக் கோத்து ஒரு வரைபடம் போட்டிருந்தார். அடினோசின், இன்சுலின், எரித்ரோபொயட்டின் என்று வாசல் எதுவானாலும், உள்ளே போனதும் ஏ.கே.டி., ஈ.ஆர்.கே. என்ற சில கைனேஸ்களில் எல்லாம் சங்கமிக்கின்றன. அங்கிருந்து பாதை மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வில் திறக்கும் ஒரு பெரிய துளையில் போய் முடிகிறது. துளை திறந்தால் செல் சாகும். கைனேஸ்கள் அதை மூடிவைக்கின்றன. அப்படியானால் துளையையே நேராக மூடிவிடலாமே? மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்கள் சாப்பிடும் சைக்ளோஸ்போரின் அதைச் செய்யும். பிரான்சில் 58 பேரிடம் 2008-ல் நடந்த சோதனை வெற்றி. 970 பேரிடம் 2015-ல் நடந்தது தோல்வி.

மருந்தே வேண்டாம், கையில் ரத்த அழுத்தக் கருவியின் பட்டையைக் கட்டி ஊதினால் போதும் என்றார்கள் இன்னொரு சாரார். இது வேடிக்கையில்லை. 1993-ல் டெட்ராய்ட்டில் காரின் ப்ரிக்லெங்க், நாயின் இதயத்தில் ஒரு தமனியை அடைத்துத் திறந்தால் வேறொரு தமனியின் பகுதியும் காக்கப்படுகிறது என்று கண்டிருந்தார். ஏதோ ஒரு தூது இடம் விட்டு இடம் போகிறது. பிறகு அதே விளைவு கை, கால் தசையிலிருந்தும் வந்தது. டென்மார்க்கின் ஆர்ஹஸ் நகரில் 2010-ல் 333 பேரை வைத்து ஹான்ஸ் எரிக் போட்கர் சோதித்தார். ஆம்புலன்ஸில் வரும்போதே பட்டையை ஐந்து நிமிடம் இறுக்கி ஐந்து நிமிடம் தளர்த்தி, நான்கு முறை. ஆபத்திலிருந்த தசையில் பிழைத்த பங்கு 0.55-லிருந்து 0.75 ஆனது. செலவே இல்லாத சிகிச்சை. பிரிட்டன், டென்மார்க், ஸ்பெயின், செர்பியா நான்கு நாடுகள் சேர்ந்து 5,401 பேரிடம் பெரிய ஆய்வு நடத்தின. 2019-ல் முடிவு: பட்டை கட்டியவர்களில் 9.4 சதவீதம் பேர் ஓர் ஆண்டுக்குள் இதயக் காரணத்தால் இறந்தார்கள் அல்லது இதயச் செயலிழப்போடு மருத்துவமனை வந்தார்கள், கட்டாதவர்களில் 8.6. கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதாயிற்று.

நாயிடம் முக்கால் பங்கு சேதத்தைக் குறைத்த ஒன்று மனிதனிடம் எங்கே தொலைந்தது? ஒரு பதில், ஆய்வுக்கூடத்து விலங்கு இளமையானது, ஆரோக்கியமானது. மாரடைப்போடு வருபவருக்கு வயது அறுபது, பல ஆண்டுச் சர்க்கரை நோய், உயர் ரத்த அழுத்தம், அவற்றுக்கான மாத்திரைகள். சர்க்கரை நோய் இந்தச் சமிக்ஞைப் பாதைகளையே மழுக்கிவிடுகிறது என்பது விலங்குகளிலேயே தெரிந்த விஷயம்தான். இரண்டாவது பதில் சற்றுக் கசப்பானது. அமெரிக்க அரசின் பணத்தில் சீசர் என்ற கூட்டமைப்பு உருவாகி, எலி, முயல், பன்றி மூன்றிலும் வெவ்வேறு ஆய்வுக்கூடங்களில், யார் எந்தப் பிரிவு என்று தெரியாதபடி பரிசோதித்தது. மரியின் முன்தகவமைப்பு எங்கே செய்தாலும் வேலை செய்தது. தனித்தனிக் கூடங்கள் பெரிதாகப் புகழ்ந்திருந்த மருந்துகளான நைட்ரைட்டும் சில்டெனாஃபிலும் வேலை செய்யவில்லை. அதாவது மனிதனிடம் தோற்றவற்றில் சில, சரியாகச் சோதித்திருந்தால் விலங்கிடமே தோற்றிருக்கும்.

மூன்றாவது பதிலைச் சொன்னவர் மொபைல் நகரத்து டௌனி. பாதையைத் திறந்தவர்களில் ஒருவர். ஸ்டென்ட் வைக்கும் நோயாளிக்கு இன்று ரத்தத்தட்டுகள் ஒட்டாமல் இருக்க டிக்காக்ரெலார், கேங்ரெலார் வகை மருந்துகள் கொடுக்கிறார்கள். இவை கட்டி உறைவதைத் தடுப்பதோடு நிற்காமல் முன்தகவமைப்பு தட்டும் அதே சமிக்ஞைப் பாதையையும் தட்டுகின்றன என்று அவரும் மைக்கேல் கோஹனும் முயல்களில் காட்டினார்கள். ஏற்கெனவே பாதுகாக்கப்பட்டிருக்கும் இதயத்தை இன்னொரு மருந்து எப்படி மேலும் பாதுகாக்கும்? இந்த வாதம் எல்லோருக்கும் ஏற்புடையதல்ல. ஆனால் மூன்றிலும் சுவையானது இதுதான்: பெயரைச் சொல்லாமலேயே அந்தக் கனவின் ஒரு பகுதி மருந்துச் சீட்டில் ஏறியிருக்கக்கூடும்.

2015-ல் ஜெர்மனியின் ஹனோவர் நகரிலிருந்து வந்த கட்டுரை தேடும் இடத்தை மாற்றியது. கை வோலர்ட்டின் குழு செல்லுக்குள் ஓடும் சமிக்ஞையை விட்டுவிட்டு, மாரடைப்புக்குப் பின் எலும்பு மஜ்ஜையிலிருந்து இதயத்தைத் தேடி வரும் வெள்ளணுக்கள் என்னென்ன புரதங்களைச் சுரக்கின்றன என்று ஒன்றொன்றாகச் சலித்துப் பார்த்தது. அதுவரை பணி என்னவென்று தெரியாமல் குரோமோசோம் எண்ணோடு மட்டும் பட்டியலில் கிடந்த ஒரு புரதம் அதில் சிக்கியது. மாரடைப்பு வந்த சுண்டெலிகளுக்கு அதைத் தொடர்ந்து செலுத்தியபோது தழும்பு சிறிதானது, அதிக எலிகள் பிழைத்தன. எம்.ஒய்.டி.ஜி.எஃப். என்று அதற்கு இப்போது பெயர். வோலர்ட் இந்தப் புரதத்தைத் தேடப் போனதற்குக் காரணம், பத்து ஆண்டுகளுக்கு முன் அவரே மனிதர்களில் செய்த ஒரு சிகிச்சை: நோயாளியின் மஜ்ஜைச் செல்களை எடுத்து அவருடைய இதயத்துக்குள்ளேயே செலுத்துவது. இந்தச் சிகிச்சை உலகம் முழுக்க எழுப்பிய எதிர்பார்ப்பும் சர்ச்சையும், போலித் தரவுகள் அம்பலமாகித் திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளும் அடுத்த இதழில்.

(தொடரும்)